கணினிக் கேள்வி: இலவச ஆபீஸ் போதுமா, காசு கொடுத்து வாங்கணுமா?

"எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு இரண்டு கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறோம். கடன் விண்ணப்பம், உறுப்பினர் பட்டியல், கணக்கு எல்லாம் அதில்தான். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸைப் போட்டோம். அதில் அடித்து அனுப்பிய தமிழ்க் கடிதம், வங்கியில் திறந்தால் எழுத்து கலைந்து கிடக்கிறதாம். மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் வாங்கித்தான் ஆக வேண்டுமா?"

- வாசகர், ஈரோடு மாவட்டம்.

எழுத்து கலைவதற்குப் பெரும்பாலும் ஃபான்ட்தான் காரணம். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகத்தான் தெரியும். காசு கொடுத்து வாங்கிய மென்பொருளிலும் இதே கதைதான். யுனிகோடில் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. தமிழ்நாடு அரசே 2010-ம் ஆண்டில் யுனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. பழைய கடிதங்களுக்கு ஃபான்டை மட்டும் மாற்றினால் போதாது; எழுத்துரு மாற்றி மூலம் யுனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும்.

அடுத்தது, சேமிக்கும் வடிவம். லிப்ரே ஆபீஸ் தானாக 'ஓடிடி' என்ற வடிவத்தில் சேமிக்கும். வங்கியில் இருப்பது அநேகமாக வேர்டு. அதில் ஓடிடி கோப்பு திறக்கும். ஆனால், அட்டவணையும் பக்க அளவும் கொஞ்சம் நகர்ந்துவிடும். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோடு/சேவ், ஜெனரல் என்று போய், கடிதத்துக்கு 'டாக்எக்ஸ்', பட்டியலுக்கு 'எக்ஸ்எல்எஸ்எக்ஸ்' என்று ஒருமுறை மாற்றி வைத்தால் போதும். எதிர்த்தரப்பு திருத்த வேண்டியதில்லாத கடிதமா? பி.டி.எஃப் ஆக்கி அனுப்புவதே நல்லது. வரி நகராது, எழுத்தும் மாறாது.

உண்மையில் பணம் போகிற இடம் உறுப்பினர் பட்டியல். புல எண் 7/2 என்று அடித்தால், எக்செல் அதைத் தேதியாக மாற்றிவிடும். வங்கிக் கணக்கு எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்யம் காணாமல் போகும். 16 இலக்கக் கணக்கு எண்ணில் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். எக்செல் 15 இலக்கம் வரைதான் எண்ணாக நினைவில் வைக்கும். லிப்ரே ஆபீஸின் கால்க்கிலும் முன் பூஜ்யம் நிற்காது. காப்பீட்டுத் தொகையோ, விளைபொருளுக்கான பணமோ வராமல் ஓர் உறுப்பினர் வங்கிக்கு அலைவதற்கு இந்த ஒரு கட்டம் போதும். புல எண், கணக்கு எண், ஆதார் எண் ஆகிய மூன்று பத்திகளையும் அடிக்கத் தொடங்கும் முன்பே 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். அடித்த பிறகு மாற்றினால் போன எண் திரும்பாது.

அப்படியானால், காசு கொடுக்க வேண்டிய இடமே இல்லையா? இருக்கிறது. ஜி.எஸ்.டி ஆண்டுக் கணக்குக்கான எக்செல் கோப்பு போன்றவற்றில் மேக்ரோ இருக்கும். பொத்தானை அழுத்தினால் சரிபார்த்து, கோப்பை உருவாக்கித் தரும். அவை எக்செல்லுக்காகவே எழுதப்பட்டவை. லிப்ரே ஆபீஸில் ஒழுங்காக ஓடும் என்று நம்ப முடியாது. இந்த வேலையை ஆடிட்டர் அலுவலகமே செய்துவிடுகிறது என்றால், உங்கள் நிறுவனத்துக்கு இலவச மென்பொருள் தாராளமாகப் போதும். உங்கள் கணக்காளர் செய்கிறார் என்றால், அவருடைய ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் வாங்கினால் போதும், இன்னொன்றுக்குத் தேவையில்லை.

வாங்குவதானால், ஆண்டுச் சந்தாவா, ஒரே தடவைக் கட்டணமா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டு உபயோகத்துக்கான உரிமம் விலை குறைவு என்று கடைக்காரர் காட்டுவார். அது நிறுவனத்துக்குச் செல்லாது. 'சும்மா போட்டுத் தருகிறேன்' என்று சொல்லும் திருட்டுப் பிரதி பக்கம் போகவே வேண்டாம். அதனோடு வைரஸ் வந்தால், உறுப்பினர்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும்தான் முதலில் போகும்.

பணம் கட்டும் முன், வங்கியின் விண்ணப்பம், உறுப்பினர் பட்டியல், ஆடிட்டர் அனுப்பும் கோப்பு மூன்றையும் லிப்ரே ஆபீஸில் திறந்து, நிரப்பி, அவர்களுக்கே திருப்பி அனுப்பிக் கேட்டுப் பாருங்கள்.