ஆமையின் தாகம்

ஐம்புலனடக்கத்திற்கு ஆமையை உவமை கூறினார் வள்ளுவர். அவ்வொடுக்கமே வளர்ப்பு ஆமைக்குக் கேடாய் முடிவதும் உண்டு. நோயுற்ற நாய் முனகும். ஆமையோ வாய் திறவாது ஓட்டினுள் ஒடுங்கும். உடையவர் அதன் நோவை உணரும்போது, நீர்ப்பையில் கல் முதிர்ந்திருக்கும்.

நம் நாட்டு நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்தலை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கின்றது. அமெரிக்காவின் கலிபோர்னியாவிலோ, மொஹாவிப் பாலைவன ஆமையைக் காட்டிற் பிடித்தல் குற்றமாயினும், முன்பே வளர்ப்பில் உள்ளவற்றை அரசின் அனுமதியுடன் இல்லங்களிற் பேணுகின்றனர்.

'பாலையிற் பிறந்த உயிருக்கு நீர் எதற்கு?' என்பார் உளர். இது பெரும்பிழை. அவ்வாமை மழைக்காலத்தில் வயிறாரக் குடித்து, நீர்ப்பையிற் சேமித்து, வறண்ட மாதங்களில் அந்நீரையே உடலுக்கு மீட்டு வாழ்கின்றது. நீர்ப்பையே அதன் ஏரி. ஏரி வற்றின் வண்டல் படிவது இயல்பன்றோ? உண்ட புரதத்தின் கழிவை ஆமை பெரும்பாலும் யூரிக் அமிலமாகவே வெளியேற்றும். அது நீரில் எளிதிற் கரையாதது. குடிநீர் குறையினும் புரதம் மிகினும் அக்கழிவு அடுக்கடுக்காய்ப் படிந்து கல்லாகின்றது.

இதனைத் தடுத்தல் அரிதன்று. நாய்க்குரிய உணவையும் இறைச்சியையும் இடுவது அன்பன்று, அறியாமை. புல், களைச்செடி, செம்பருத்தியிலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல் ஆகியவையே அதற்கேற்ற உணவு. ஆழமற்ற தட்டில் நன்னீர் என்றும் இருத்தல் வேண்டும். விழித்திருக்கும் மாதங்களில் வளர்ந்த ஆமையை வாரம் ஒருமுறையேனும், குஞ்சுகளை இருமுறை மும்முறையும், தலை நீருக்கு மேலே நிற்குமளவே ஆழமான வெதுவெதுப்பான நீரில் கால்மணி நேரம் விடுதல் நன்று. அப்பொழுது அது குடிக்கும், பழங்கழிவையும் போக்கும். அஞ்சிய ஆமை சேமித்த நீரைச் சிந்திவிடுமாதலின், அடிக்கடி தூக்கி விளையாடுதலும் தகாது.

கல் பெருத்தபின் மருத்துவர் அடியோட்டை அறுத்துத் திறந்தே அதனை எடுக்க நேரும். அறுத்த ஓடு முற்றும் கூட ஓராண்டிற்கு மேலும் ஆகலாம். ஒரு தட்டு நீரும் ஒரு பிடி புல்லும் தவிர்த்திருக்கக்கூடிய துன்பம் இது!

கேட்கத் தெரிந்தவர்க்குக் கொடுத்தல் எளிது. கேளா உயிரின் தாகத்தைத் தானே அறிந்து தீர்த்தலன்றோ வளர்ப்போர் கடன்? அக்கடனை ஏற்க இயலாதார் ஆமை வளர்க்க விரும்பாதிருத்தலே அதற்குச் செய்யும் அருளாம்.