கோட்டுக்கு வெளியே விழுந்த பந்து

'அல்ஜியர்ஸ் போர்' படத்தைச் சமீபத்தில் நண்பர்களோடு மறுபடியும் பார்த்தேன். இத்தாலிக்காரரான ஜில்லோ பொன்டெகோர்வோ 1966இல் எடுத்த படம். முடிந்து விளக்குப் போட்டதும் ஒரு நண்பர் சொன்னார்: "என்ன இருந்தாலும் குண்டு வைக்கிறது தப்புங்க. அமைதியா முன்னுக்கு வரக்கூடாதா? ஆர்தர் ஆஷ் வரலியா?" அவர் டென்னிஸ் பைத்தியம். அங்கேயே அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் படம். 1956. பிரெஞ்சு ஆட்சியில் இருக்கும் அல்ஜியர்ஸ். மூன்று பெண்கள் முக்காட்டைக் களைகிறார்கள். முடியை வெட்டிக்கொண்டு வெள்ளைக்காரிகளைப்போல உடுத்துகிறார்கள். சோதனைச்சாவடியில் சிப்பாய்கள் இளித்துக்கொண்டு வழிவிடுகிறார்கள். உடை மாறினால் போதும், கதவு திறக்கிறது! கூடைக்குள் குண்டு. கடையில் உட்கார்ந்திருப்பவர்களின் முகங்களைக் கேமரா ஒவ்வொன்றாகக் காட்டுகிறது. ஐஸ்கிரீம் சாப்பிடும் குழந்தையும் அதில் உண்டு. குண்டு வைப்பதைப் படம் கழுவித் துடைத்துக் காட்டவில்லை. எனக்கும் அந்தக் குழந்தையைத் தாண்டிப் போக முடியவில்லை.

ஆனால் அதற்கு முன்பே, இரவில் கஸ்பா குடியிருப்பில் போலீஸ் அதிகாரி வைத்த குண்டும் படத்தில் இருக்கிறது. இடிபாடுகளிலிருந்து தூக்கிவரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்தக் குண்டுக்கு மட்டும் 'பயங்கரவாதம்' என்ற பேர் கிடைக்கவில்லையே, ஏன்? ராணுவம் நடத்திய சித்திரவதைக்கு 'விசாரணை' என்று பேர். பெயர் வைக்கிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் பிரச்சினை.

இனி ஆஷ். 1943இல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் பிறந்தவர். கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய பூங்காவில் ஆடக் கற்றவர். வெள்ளையர் ஆடும் மைதானங்களில் அவருக்கு இடமில்லை. 1957, 1958இல் விம்பிள்டன் வென்ற ஆல்தியா கிப்சனுக்கும் இவருக்கும் கைகொடுத்துத் தூக்கிவிட்டவர் ராபர்ட் வால்டர் ஜான்சன் என்ற கறுப்பின மருத்துவர். அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது: கோட்டுக்குச் சற்று வெளியே விழுந்த பந்தையும் உள்ளே விழுந்ததாகவே எண்ணி ஆடு. வாதாடாதே. முகத்தில் கோபம் காட்டாதே. காட்டினால் அதையே சாக்காக வைத்து வெளியே தள்ளிவிடுவார்கள்.

1968இல் அமெரிக்க ஓப்பன், 1975இல் விம்பிள்டன். ஆஷ் வென்றார். என்ன பெருந்தன்மை என்று மெச்சினார்கள். எதிராளியின் தப்பைச் சரியென்று ஏற்றுக்கொண்டால்தான் உள்ளே விடுவார்கள் என்றால், அதற்குப் பேர் பெருந்தன்மையா? "நல்ல பையன், இருக்கிற இடமே தெரியாது" என்று ஊர்த்தெருக்காரர்கள் நம்மில் சிலரைப் பாராட்டுவார்களே, அதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஆனால் ஆஷ் அப்படியே அடங்கிப்போய்விடவில்லை. தென்னாப்பிரிக்கா அவருக்கு விசா மறுத்தது. 1973இல்தான் கொடுத்தது. 1985இல் வாஷிங்டனில் அந்த நாட்டுத் தூதரகத்தின் முன் போராடிக் கைதானார். 1992இல், எய்ட்ஸ் உடம்பைத் தின்றுகொண்டிருந்தபோது, ஹைத்தி அகதிகளுக்காக வெள்ளை மாளிகை முன் மறுபடியும் கைதானார். அடுத்த ஆண்டு செத்துப்போனார். நண்பர் கொண்டாடும் 'அமைதியான' ஆஷுக்குள் இந்த ஆஷ் இல்லை.

அல்ஜீரியாவையும் ஆஷையும் இணைக்கிற ஒரு மனிதர் உண்டு. மண்டேலா. 1962இல் மொராக்கோவில் அல்ஜீரிய விடுதலைப் படையினரிடம் போர்ப்பயிற்சி பெற்றவர். எந்த ஆட்சியை எதிர்த்து ஆஷ் கைதானாரோ அதே ஆட்சி இவரை 27 ஆண்டுகள் சிறையில் வைத்திருந்தது. 1993இல் அமைதிக்கான நோபல் பரிசு. 1994இல் குடியரசுத் தலைவர். அப்படியும் அமெரிக்காவின் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீங்கியது 2008இல்தான்!

நண்பரே, குண்டு வைக்கிறது சரியா தப்பா என்று கேளுங்கள். கேட்கத்தான் வேண்டும். கூடவே, கோடு போட்டது யார், பந்து உள்ளேயா வெளியேயா என்று சொல்கிறவன் யார் என்றும் கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கிறவனுக்குத்தான், கையில் எதுவுமே இல்லாவிட்டாலும், பயங்கரவாதி என்று பேர் வைக்கிறார்கள்.