தேங்காய் உடைய முந்தியே சத்தம் வருகிறதா?

புதிதாக இங்கு வந்து சேரும் எமது குடும்பங்களின் பயணப் பெட்டிகளில், உடுப்புக்களுக்கு நடுவே ஒரு சாமான் தவறாமல் இருக்கும். ஊரிலோ இலண்டனிலோ சுவிசிலோ உறவினர் ஒருவர் வீட்டுக் கணனியில் பதிந்து கொடுத்த கலியாண வீட்டு இறுவட்டு, இல்லாவிட்டால் சாமத்திய வீட்டு இறுவட்டு. நியூ ஜேர்சியில் அதைப் போட்டால் ஒன்றில் படமே வராது, அல்லது வாய் ஒரு நேரமும் குரல் ஒரு நேரமுமாக வரும். எங்கள் வீட்டு இறுவட்டும் அப்படித்தான் இருந்தது.

படம் வராததற்குக் காரணம் பெரிதல்ல. இலங்கையிலும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் இருந்த பழைய தொலைக்காட்சி முறைக்குப் பால் என்று பெயர் (குடிக்கிற பால் அல்ல). அதில் விநாடிக்கு 25 படங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்தது என்.ரி.எஸ்.சி. முறை, விநாடிக்கு 29.97 படங்கள். இங்கு விற்ற பிளேயர்களில் பல 25 படக் கணக்கை ஏற்காது. அதற்காகப் புதுப் பிளேயர் தேடி அலைய வேண்டாம். கணனியில் வி.எல்.சி. என்ற மென்பொருளைப் போட்டால் இரண்டு முறையும் ஓடும். காசும் இல்லை.

குரல் பொருந்தாததுதான் வில்லங்கம். முதலில் குற்றம் இறுவட்டிலா, ரீவியிலா என்று பாருங்கள். புளூடூத் ஸ்பீக்கர் பூட்டியிருந்தால் எல்லாப் படத்திலும் ஒலி பிந்தக்கூடும். பிழை இறுவட்டில்தான் என்று தெரிந்தால், வேறு எதுவும் செய்ய முன்னர் அதைக் கணனிக்குள் பிரதி எடுங்கள். வீட்டில் பதிந்த இறுவட்டில் படத்தைத் தாங்குவது ஒரு சாயப் படை. வெயிலும் வெக்கையும் பட அது கெடும். டிவிடி என்றால் வீடியோ_ரிஎஸ் என்ற கோப்புறையை முழுதாக எடுங்கள். அதற்குள் படம் 1 கிகாபைட்டுக்கு மேற்படாத துண்டுகளாகக் கிடக்கும், ஒரு துண்டை மட்டும் எடுத்துத் திருத்தப் போகாதீர்கள். வீசிடி என்றால் எம்பெக்ஏவி என்ற கோப்புறையில் உள்ள டாட் கோப்பு போதும்.

இனி எங்கள் கதை. அக்காவின் கலியாணம் 2003இல், சமாதான காலத்தில், கிளிநொச்சியில் நடந்தது. ஏ9 பாதை திறந்திருந்ததால் சுவிசிலிருந்து மாமாவும் வந்திருந்தார். திரும்பும்போது வீடியோக் கசெற்றின் பிரதி ஒன்றைக் கொண்டுபோனார். 2009இல் நாங்கள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வந்தபோது அல்பமும் மூல நாடாவும் வழியில் போய்விட்டன. அப்பாவும் வந்து சேரவில்லை. மாமா தன் பிரதியைப் பிறகு கணனியில் ஏற்றி டிவிடியாக்கி அனுப்பினார். அவரிடம் இருந்த நாடாவையும் பூஞ்சணம் தின்றுவிட்டது. ஆக, மிஞ்சியது அந்த ஒரு வட்டு. அப்பாவின் குரல் வேறு எதிலும் இல்லை.

அதில் பந்தி நடக்கும் இடத்தில் அப்பாவின் வாய் அசையும், சத்தம் இராது. கமெரா திரும்பிச் சித்தப்பாவைக் காட்டும்போது அப்பாவின் குரல் வரும். "அப்பப்பா ஏன் சித்தப்பாவின்ர வாயால கதைக்கிறார்?" என்று மகள் கேட்டாள். அம்மா அந்த வட்டைப் போடவே விடமாட்டார்.

முதல் வேலையாக, பந்தி இடத்தில் குரல் எவ்வளவு பிந்துகிறது என்று பார்த்தோம். இரண்டு விநாடி. முழு ஒலியையும் இரண்டு விநாடி முன்னுக்குத் தள்ளிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டோம். தொடக்கத்தில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து வெளிக்கிடும் காட்சி. கையில் தேங்காய் இருக்கும்போதே உடைந்த சத்தம் கேட்டது. "இது என்னடா தம்பி, முந்தியதைவிட மோசமாக்கிப் போட்டாய்" என்றார் அம்மா.

அவர் சொன்னது சரி. ஒலி சற்றுப் பிந்தினால் மனம் பொறுக்கும், முந்தினால் பொறுக்காது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் வெளியிட்ட பரிந்துரை ஒன்றில், ஒலி 45 மில்லிவிநாடி முந்தினாலே ஆட்களுக்குத் தெரிந்துவிடும், பிந்தினால் 125 வரை தெரியாது என்று இருக்கிறது. தூரத்தில் ஒருவர் விறகு கொத்துவதைப் பார்த்தவர்களுக்கு இது புதினமல்ல. கோடரி விழுந்த பிறகுதான் சத்தம் வரும். முந்தி வந்ததை யார் கண்டது?

ஆனால் அந்தத் தேங்காய்தான் எங்களுக்கு வழியும் காட்டியது. சினிமாக்காரர் ஒலியையும் படத்தையும் பொருத்தப் பலகை ஒன்றை அடிப்பார்களே, எங்கள் வீடியோவில் அந்த வேலையைச் செய்வது தேங்காய். வேதக்காரர் வீடுகளில் கோயில் மணியோ கைதட்டலோ உதவும். மாமா அனுப்பிய வட்டைத் திரும்பப் போட்டு மூன்று இடத்தில் பார்த்தோம். 2ஆம் நிமிடத்தில் தேங்காய் சரியாக உடைகிறது. 32ஆம் நிமிடத்தில், தாலி கட்டும் இடத்தில், ஒலி 1 விநாடி பிந்துகிறது. 62ஆம் நிமிடத்தில் 2 விநாடி. பிழை நேரத்தோடு வளர்கிறது. அப்படியானதைத் தள்ளித் திருத்த முடியாது.

நாங்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் போத்தல் ஒரு பட்டியில் வரும், மூடி இன்னொன்றில் வரும். இரண்டுக்கும் வேகத்தில் மயிரிழை வித்தியாசம் இருந்தால் காலையில் ஒன்றும் தெரியாது. மத்தியானம் மூடி போத்தலுக்கு வெளியே விழும். நாடாவைக் கணனியில் ஏற்றும்போதும் இதுதான் நடக்கும். படத்தை ஒரு அட்டையும் ஒலியை வேறொரு அட்டையும் வாங்கினால் இரண்டுக்கும் தனித்தனி மணிக்கூடு. ஒலி அட்டை விநாடிக்கு 44,100 மாதிரி எடுக்கவேண்டிய இடத்தில் 44,095 எடுத்தாலே மணித்தியாலத்துக்கு 0.4 விநாடி பிசகும். பழுதான நாடாவென்றால் படங்களும் விடுபடும். 25 படம் விடுபட்டால் ஒரு விநாடி போய்விடும். அவை ஒரே இடத்தில் விடுபட்டிருந்தால் அந்த இடத்தில் திடீரென்று பாயும். அப்போது பாய்ந்த இடத்தில் வெட்டி, பின்துண்டின் ஒலியை மட்டும் நகர்த்த வேண்டும்.

எங்களுடையது பாயவில்லை, சீராக வளர்ந்தது. ஆகவே அவிடெமக்ஸ் என்ற மென்பொருளால் ஒலியைத் தனியே எடுத்து ஓடாசிற்றியில் திறந்தோம். தேங்காயிலிருந்து கடைசிக் கைதட்டல் வரை படத்தில் 3,600 விநாடி, ஒலியில் 3,602. "சேஞ்ச் ஸ்பீட் அன்ட் பிச்" என்ற இடத்தில் ஒலியின் நீளத்தை அந்த விகிதத்தில் குறைத்தோம். சுருதி மாறுவது 1,800இல் ஒரு பங்குதான், நாதஸ்வரக்காரரே கண்டுபிடிக்கமாட்டார். பிறகு ஒலியைத் திரும்பச் சேர்த்தோம். படத்தைக் "கொப்பி" என்ற நிலையிலேயே விடவேண்டும், இல்லாவிட்டால் மீண்டும் சுருக்கி இன்னும் மங்கலாக்கிவிடும்.

தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே அளவு பிந்துகிற வட்டுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. வி.எல்.சி. ஓடும்போது விண்டோஸ் கணனியில் ஜே எழுத்தைத் தட்டினால் ஒவ்வொரு தட்டுக்கும் ஒலி 50 மில்லிவிநாடி முந்தும், கே தட்டினால் பிந்தும். எத்தனை தட்டு என்று எண்ணிப் பெருக்கி, அவிடெமக்ஸில் "ஷிப்ற்" என்ற பெட்டியில் போட்டுச் சேமியுங்கள். எதிர்ப்பக்கம் போனால் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி.

இரவு வேலை முடிந்து வந்த ஒரு சனிக்கிழமை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினோம். தேங்காய் உடைந்தது, சத்தமும் வந்தது. பந்தியில் அப்பா சாம்பார் வாளியோடு நிற்கிறார். "தம்பி, சாப்பிட்டியே?" என்கிறார். இவ்வளவு காலமும் அந்தச் சொல் சித்தப்பாவின் முகத்தில் விழுந்ததால், அப்பா யாரைப் பார்த்துக் கேட்டார் என்று எங்களுக்குத் தெரியாது. அவர் பார்க்கும் பக்கத்தில், மூலையில், அரைக் காற்சட்டையோடு இருப்பது நாங்கள்தான்.

அம்மா அந்த இடத்தை மூன்று தரம் போடச் சொன்னார். மாமாவுக்கு ஒரு பிரதி சுவிசுக்கு அனுப்பினோம். அங்கே ஓடவேண்டும் என்பதால் 25 படமாகவே விட்டிருக்கிறோம்.