இருட்டில் போய் வெயில் எடுத்தவர்கள்

ஐம்பது அடி உயரத்தில் ஒரு மரம் நிற்கிறது. அது கைக்குள் அடங்கும் ஒரு விதையிலிருந்து வந்தது. இப்போது அதை வெட்டி லாரியில் ஏற்றினால் பல நூறு கிலோ இருக்கும். அவ்வளவு எடையும் அதற்கு எங்கிருந்து கிடைத்தது?

இந்தக் கேள்வியைக் காலை நிகழ்ச்சியில் ஒருநாள் நேயர்களிடம் போட்டேன். தொலைபேசி ஓயவே இல்லை. “மண்ணிலிருந்துதான், வேறெங்கே?” என்றார் ஓர் ஐயா. “உரம்” என்றார் வீட்டில் மிளகாய்ச் செடி வளர்க்கும் ஓர் அம்மா. பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு மாணவி “தண்ணீர்” என்றாள். வெயில் என்று சொன்னவர்களும் உண்டு. காற்று என்று ஒருவரும் சொல்லவில்லை.

இதே கேள்வி ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முன்பு பெல்ஜியப் பகுதியில் வாழ்ந்த வான் ஹெல்மான்ட் என்ற மருத்துவருக்கும் வந்தது. அவர் தொலைபேசி எண் கொடுக்கவில்லை, தராசை எடுத்தார். ஒரு பெரிய தொட்டியில் சுமார் 90 கிலோ காய்ந்த மண்ணைப் போட்டு, இரண்டு கிலோவுக்குச் சற்று கூடுதலான ஒரு வில்லோ மரக்கன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். பிறகு மரத்தைப் பிடுங்கி நிறுத்தால் கிட்டத்தட்ட 77 கிலோ! மண்ணைக் காயவைத்து நிறுத்தால், குறைந்தது வெறும் 57 கிராம்தான். அப்படியானால் மரம் முழுக்கத் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டினார். அவர் இறந்த பிறகு 1648ல் அது அச்சில் வந்தது.

மண் அல்ல என்று காட்டியது பெரிய விஷயம். தண்ணீர் என்றது பாதி விடை. மீதிப் பாதி கண்ணுக்குத் தெரியாததால் அவருக்கு அகப்படவில்லை.

1771ல் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவத்தி எரிந்து அணைந்த மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் புதினாச் செடி ஒன்றை வைத்தார். சில நாள் கழித்து அதே காற்றில் மெழுகுவத்தி மறுபடி எரிந்தது. செடி காற்றைச் சரிசெய்கிறது என்பது தெரிந்தது. 1779ல் யான் இங்கன்ஹவுஸ், அந்த வேலை வெளிச்சத்தில் மட்டுமே நடக்கிறது, அதுவும் செடியின் பச்சைப் பகுதிகளில் மட்டுமே நடக்கிறது என்று கண்டார். 1804ல் சுவிட்சர்லாந்தின் தெ சோசூர், செடியின் எடை காற்றிலுள்ள கரிவளியும் நீரும் சேர்ந்து உண்டானது என்று அளந்து காட்டினார். கரிவளி, நீர், வெளிச்சம் ஆகிய மூன்றும் இப்படித்தான் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் ஒரே வரியில் எழுதும் ஒளிச்சேர்க்கைக்குப் பின்னால் நூற்றைம்பது ஆண்டு உழைப்பு இருக்கிறது.

இலைக்குள் இரண்டு வேலை

இலைக்குள் நடப்பதை இரண்டு வேலைகளாகப் பிரித்துப் பார்த்தால் எளிது.

முதல் வேலை, சார்ஜ் ஏற்றுவது. இலையிலுள்ள பச்சையம் வெயிலின் சிவப்பு, நீல ஒளியை நன்றாக உறிஞ்சிக்கொள்கிறது. பச்சை ஒளியை அவ்வளவாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால்தான் இலை நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது. உறிஞ்சிய சக்தியால் வேரிலிருந்து வந்த நீர் உடைக்கப்படுகிறது. அதில் உயிர்வளி வெளியேறுகிறது. நாம் இழுக்கும் மூச்சு இங்கிருந்துதான் வருகிறது. கரிவளியிலிருந்து அல்ல, உடைந்த நீரிலிருந்து. மிஞ்சிய சக்தி சிறு சிறு மின்கலங்கள் போன்ற மூலக்கூறுகளில் ஏற்றி வைக்கப்படுகிறது. இடைநிலைப்பள்ளியில் உயிரியல் படித்தவர்களுக்கு ஏ.டி.பி. என்ற பெயர் நினைவிருக்கலாம்.

இரண்டாவது வேலை, சமையல். இலையின் அடிப்பக்கத்தில் உள்ள நுண்ணிய துளைகள் வழியாகக் காற்று உள்ளே வருகிறது. அதிலுள்ள கரிவளியை ருபிஸ்கோ என்ற நொதி பிடிக்கிறது. நிதானமான ஆள். நொடிக்கு மூன்று நான்கு மூலக்கூறுகளைத்தான் பிடிக்கும். அதனால்தான் இலை இந்த நொதியை மலைபோல் தயாரித்து வைத்திருக்கிறது. பிடித்த கரிமத்தை, சார்ஜ் ஏறிய மூலக்கூறுகளின் உதவியோடு, இலை சர்க்கரையாக்குகிறது. இந்தச் சமையல் குறிப்பைக் கதிரியக்கக் கரிமத்தை வைத்துப் படிப்படியாகக் கண்டறிந்த அமெரிக்கக் குழுவின் தலைவர் மெல்வின் கால்வினுக்கு 1961ல் நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வளவு செய்தும் பெரும்பாலான பயிர்கள் ஓராண்டில் தம்மேல் விழும் வெயிலில் நூற்றில் ஒரு பங்கு அளவைத்தான் உடம்பில் சேமிக்கின்றன. அந்த ஒரு பங்கில்தான் நாம் காலையில் பசியாறும் தோசையும் நாசி லெமாக்கும் இருக்கின்றன.

பாலில் இருப்பது என்ன?

பாடம் முடிந்தது. இனி நம் கதைக்கு வருகிறேன்.

மலேசியத் தமிழர் குடும்பங்களில் இரண்டு தலைமுறை பின்னோக்கிப் போனால் பெரும்பாலும் ஒரு பால்மரத் தோட்டத்தில் போய் நிற்போம். ரப்பர் மரம் இந்த மண்ணுக்குச் சொந்தமானதல்ல. அமேசான் காட்டைச் சேர்ந்தது. 1876ல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அங்கிருந்து கோலகங்சாருக்கும் போயின. பிறகு தென்னிந்தியாவிலிருந்து நம் ஆட்கள் வந்தார்கள்.

அந்த மரத்துப் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரப்பர். மற்றது பெரும்பாலும் தண்ணீர். சுத்தமான ரப்பர் கரிமமும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்தது. நூறு கிராமில் 88 கிராம் கரிமம். அந்தக் கரிமத்தில் ஒரு கிராம்கூட மண்ணிலிருந்து வந்ததல்ல. எல்லாம் இலைத்துளை வழியாக நுழைந்த காற்று. இலையில் வெயிலால் சர்க்கரையாகி, மரப்பட்டை வழியே கீழிறங்கி, பால்குழாய்களில் ரப்பராக மாறிய காற்று. பாட்டி தாத்தாமார் காண்டாக் கம்பில் தூக்கிப்போன வாளிகளில் இருந்தது இதுதான்.

என் பாட்டியும் பால்மரம் சீவியவர். பள்ளி விடுமுறைக்குத் தோட்டத்து வீட்டுக்குப் போனால், நாங்கள் கண் விழிப்பதற்குள் அவர் காலைப் பெரட்டுக்குப் போய், நெற்றி விளக்கோடு நிரையில் இறங்கியிருப்பார். இடுப்பில் கொசுவத்திச் சுருள் புகையும். “ஏன் பாட்டி, விடிஞ்ச பிறகு போனா என்ன?” என்று ஒருமுறை கேட்டேன். “வெயில் ஏறிட்டா மரம் பாலை உள்ள இழுத்துக்கும் கண்ணு” என்றார்.

பல ஆண்டு கழித்து ஒரு நிகழ்ச்சிக்காகப் படித்தபோதுதான் அந்த ஒரு வரியில் எவ்வளவு இருக்கிறது என்று புரிந்தது.

கரிவளி உள்ளே வரவேண்டும் என்றால் இலை தன் துளைகளைத் திறக்க வேண்டும். திறந்தால் உள்ளேயுள்ள நீர் ஆவியாகி வெளியேறும். ஒரு மூலக்கூறு கரிவளி உள்ளே வருவதற்குள் பல நூறு நீர் மூலக்கூறுகள் போய்விடுகின்றன. ஒளிச்சேர்க்கைக்கு மரம் கொடுக்கும் விலை இது. வெயில் ஏறினால் இலைகள் நீரை இழக்கின்றன. மரம் முழுவதும் நீரழுத்தம் குறைகிறது. பட்டையிலுள்ள பால்குழாய்களிலும் அழுத்தம் இறங்குகிறது. அழுத்தம் குறைந்தால் வெட்டிய இடத்தில் பால் ஓடாது. இரவில் துளைகள் மூடிக்கொள்ள, வேர் இழுத்த நீரால் மரம் மறுபடி நிறைகிறது. விடியலுக்கு முந்திய நேரத்தில்தான் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். உளி பட்டதும் பால் மங்கை நோக்கி ஓடும்.

அதாவது, பாலை உண்டாக்குவதும் வெயில்தான். பால் ஓட்டத்தை நிறுத்துவதும் வெயில்தான். முந்தைய நாள்களின் வெயிலை எடுத்து வர, நம் ஆட்கள் இருட்டில் போக வேண்டியிருந்தது.

கையில் இருந்த அளவு

வெட்டும் சாதாரணமானதல்ல. அமேசானில் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். மரம் காயப்பட்டுக் கெட்டது. 1888ல் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்துக்கு வந்த ஹென்றி ரிட்லிதான் பட்டையை மெல்லச் சீவி, மரத்தைக் கொல்லாமல் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் முறையைக் கண்டு பரப்பினார். அதைக் கோடிக்கணக்கான மரங்களில் செய்து காட்டியது நம் பாட்டி தாத்தாமாரின் கை.

பால்குழாய்கள் பட்டையின் உட்பகுதியில் இருக்கின்றன. அதற்கும் உள்ளே, மரத்தை ஒட்டி, புதுப் பட்டையை வளர்த்துத் தரும் மெல்லிய வளர்படலம் இருக்கிறது. உளி ஆழம் போதாவிட்டால் பால் குறையும். கொஞ்சம் கூடுதலாக இறங்கினால் வளர்படலம் காயப்பட்டுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அந்த இடத்தில் பிறகு சீவ முடியாது. பால்குழாய்கள் நேராக அல்லாமல் சற்றுச் சாய்ந்து ஓடுவதால், வெட்டு இடப்பக்கம் மேலாகத் தொடங்கி வலப்பக்கம் கீழாக இறங்க வேண்டும். அப்போதுதான் கூடுதல் குழாய்கள் திறக்கும். ஒவ்வொரு முறையும் சீவும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் கனம். இதையெல்லாம் நெற்றி விளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியில், நூற்றுக்கணக்கான மரங்களில், விடிவதற்கு முன்னே தொடங்கிச் செய்தார்கள்.

இலையின் கணக்கு வீட்டின் கணக்காகவும் இருந்தது. ஆண்டின் தொடக்க மாதங்களில் பால்மரம் இலை உதிர்க்கும். துளிர் விடும்போது, மரம் தன்னிடமுள்ள சர்க்கரையைப் புது இலைகளை வளர்க்கச் செலவிடும். பால் குறையும். பால் குறைந்தால் நிறுவையில் எடை குறையும். எடை குறைந்தால் கைக்கு வரும் வெள்ளியும் குறையும். மழை நாளில் பட்டையில் வழியும் நீர் பாலை அடித்துக்கொண்டு போய்விடும். அன்றைக்கு வெட்டே இல்லை. எங்கள் வீட்டில் தீபாவளிக்கு வாங்கியதில் கொஞ்சம் ஒதுக்கி வைத்து, இலையுதிர்க் காலத்தைச் சமாளித்ததாக அம்மா சொல்வார். மரம் தனக்காகச் சமைத்துக்கொள்ளும் மாதங்களில், அதை நம்பியிருந்த வீடுகளில் அடுப்பு சற்று மெதுவாகத்தான் எரிந்தது.

இந்த வேலைக்குப் பல காலம் ‘படிப்பில்லாதவர் வேலை’ என்றுதான் பெயர். பாட்டிக்கு ஏ.டி.பி. தெரியாது. ஆனால் மரம் எந்த நேரத்தில் நிறைந்திருக்கும், எந்த மாதத்தில் அதை அதிகம் வாட்டக்கூடாது, பட்டைக்குள் எத்தனை நூல் ஆழம் போகலாம் என்பதெல்லாம் கை அளவில் தெரியும். அது அறிவியல் புத்தகத்தில் இல்லாத பெயர்களில் இருந்தது, அவ்வளவுதான்.

பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. அப்புறம் சில இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் வந்தது. நம் பிள்ளைகள் ‘ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?’ என்ற கேள்விக்கு விடை மனப்பாடம் செய்கிறார்கள். அந்த விடையை நம்பிப் பிழைத்த ஒருவர் பக்கத்து அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கலாம். இரண்டு பேருக்கும் பேச ஒரே விஷயம் இருக்கிறது. அது அவர்களுக்குத் தெரியாது. நடுவில் இருக்கும் நாம்தான் சொல்ல வேண்டும்.

இந்த வார இறுதிக்கு ஒரு வேலை

வண்ணமீன் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் பச்சை நீர்ச்செடி ஒன்றை வாங்குங்கள். தண்டின் நுனியைச் சாய்வாக வெட்டி, வெட்டிய பக்கம் மேலே இருக்கும்படி சிறு கல்லைக் கட்டித் தண்ணீர் நிறைந்த கண்ணாடிக் குவளையில் இறக்குங்கள். சிட்டிகை சமையல் சோடா போடுங்கள். அது செடிக்குத் தேவையான கரிவளிக்கு உதவும். குவளையை நல்ல வெயிலில் வையுங்கள். சிறிது நேரத்தில் வெட்டிய தண்டிலிருந்து குமிழிகள் வரிசையாகக் கிளம்பும். குவளைச் சுவரில் ஒட்டும் குமிழிகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தண்டிலிருந்து வருவதை மட்டும் ஒரு நிமிடம் எண்ணச் சொல்லுங்கள். பிறகு நிழலுக்கு நகர்த்தி மறுபடி எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை குறைவதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். உடைந்த நீரிலிருந்து உயிர்வளி வெளியேறுவதை நேரில் பார்ப்பது அதுதான்.

எண்ணி முடித்ததும், வீட்டில் பால்மரம் சீவிய பெரியவர் இருந்தால் பிள்ளையை அவரிடம் அனுப்புங்கள். காலையில் எத்தனை மணிக்கு வேலைக்குப் போனீர்கள், ஏன் அந்த நேரம் என்று கேட்கட்டும். பிள்ளையின் கையில் நோட்டுப் புத்தகம் இருந்தால் இன்னும் நல்லது.