தரை டிக்கெட்

செமஸ்டர் முடிஞ்சு, "எங்கடா டூர் போகலாம்?"னு கேன்டீன் டேபிளைத் தட்டிக்கிட்டு இருக்கீங்களா? கோவாவோ, தாய்லாந்தோ... எந்தக் கடற்கரைக்குப் போனாலும் ஒரு காட்சி நிச்சயம். கடல் மேல கலர் கலரா ஒரு பெரிய குடை பறக்கும். அதுக்குக் கீழே யாரோ ஒருத்தர் "ஆ..."ன்னு அலறிக்கிட்டே தொங்குவார். உடனே உங்க கேங்ல ஒருத்தன், "மச்சி, இதைப் பண்ணாம ஊர் திரும்பக் கூடாதுடா!"ன்னு சபதம் போடுவான். அதாங்க பாராசெய்லிங். இந்த வாரம் நம்ம மேட்டர் அதுதான்.

விஷயம் ரொம்ப சிம்பிள். சின்ன வயசுல பட்டம் விட்டிருப்பீங்க. காத்துக்கு எதிரா நாலு அடி ஓடினா, ஜிவ்வுனு மேல ஏறும். அதேதான் இதுவும். ஓடுற பையனுக்குப் பதிலா ஸ்பீட் போட். பட்டத்துக்குப் பதிலா... நீங்க! 1961-ல் பியர் லெமுவாஞ் என்ற பிரெஞ்சு பொறியாளர், பாராசூட் துணியில் ஆங்காங்கே திறப்புகள் வைத்து, அதை இழுத்தால் மேலே ஏறும்படி மாற்றினார். அதுவரை இறங்குறதுக்கு மட்டுமே இருந்த பாராசூட், அன்னியிலிருந்து ஏறவும் கத்துக்கிச்சு.

இதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, மணல்ல நாலு அடி ஓடி மேல ஏறி, திரும்ப மணல்லயே வந்து இறங்குறது. இன்னொண்ணு, படகோட பின்பக்க மேடையிலிருந்து கிளம்புறது. அதுல கயிறு சுத்துற மெஷின் ஒண்ணு இருக்கும். கயிறை விட்டா மேல போவீங்க, சுத்தினா கீழ வருவீங்க.

நான் முதல் தடவை பறந்தது 2016 ஜனவரியில், தாய்லாந்தின் புக்கெட் தீவுல, படோங் பீச்ல. முதல் வேலை, முதல் போனஸ், முதல் பாஸ்போர்ட்னு காலேஜ் நண்பர்கள் அஞ்சு பேர் கிளம்பிட்டோம். அரை நிலா மாதிரி வளைஞ்ச கடற்கரை. பின்னாடி பச்சை மலை. முன்னாடி நம்ம அந்தமான் கடல். ஆமாங்க, அதே அந்தமான்தான்! அந்தப் பக்கம் நின்னு பார்த்தா நம்ம தீவுகள் மேற்கே இருக்கு.

அங்கே மணல்லேர்ந்து கிளம்புற வகை. லைஃப் ஜாக்கெட் போட்டாங்க, அதுக்கு மேல பட்டையும் கொக்கியுமா ஒரு ஹார்னஸ் மாட்டினாங்க. எங்க அஞ்சு பேர்ல ஒருத்தன் மட்டும் பக்கத்துல வந்து, அந்த ஹார்னஸைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் மெதுவா, "நான் வரலடா... நீங்க போங்க"ன்னான்.

விடுவோமா? "பயமாடா?", "அம்மாவுக்கு போன் போட்டுக் கேளு", "டயப்பர் வாங்கித் தரவா?"ன்னு ஓட்டு ஓட்டுன்னு ஓட்டினோம். அவன் சிரிச்சுக்கிட்டே மணல்ல உக்காந்து, எங்க செருப்பு, பர்ஸ், செல்போனுக்கெல்லாம் காவல் இருந்தான். அன்னியிலிருந்து அவனுக்குப் பேர் 'தரை டிக்கெட்'.

என் முறை வந்தது. "ரன், ரன்!"னு கத்தினாங்க. நாலு அடி ஓடினேன். அஞ்சாவது அடிக்குக் கீழே மணல் இல்லை! வயித்துல யாரோ புளியைக் கரைச்ச மாதிரி ஒரு கலக்கம். கண்ணை இறுக்க மூடிக்கிட்டேன். திறந்தா... சத்தமே இல்லைங்க. அதுதான் எதிர்பாராத விஷயம். கீழே மோட்டார் படகு, ஜெட் ஸ்கீ, மைக் செட்னு ஒரே அமளி. மேலே காத்தும், கயிறு மெல்லிசா முனகுற ஓசையும் மட்டும்தான். கரையோரம் வெளிர் பச்சை, கொஞ்சம் தள்ளி நீலம், அதுக்கப்புறம் கருநீலம்னு கடல் பாவாடைக் கரை மாதிரி மடிப்பு மடிப்பாத் தெரிஞ்சது.

திடீர்னு பின்னாடியிருந்து ஒரு குரல்: "ஹேப்பி?" திரும்பினா, பாராசூட் கயித்து மேல வெறுங்காலோட ஒரு தாய்லாந்துக்காரர் உக்காந்திருக்கார்! இறங்கும்போது கயித்தை இழுத்து திசை திருப்ப அவர்தான் கூடவே வருவாராம். அவருக்கு பெல்ட்டும் இல்லை, ஒண்ணும் இல்லை. "உங்களுக்கு பயமா இல்லையா?"ன்னு கேட்டேன். "மை பென் ராய்"னு சிரிச்சார். தாய் மொழியில 'பரவாயில்லை'ன்னு அர்த்தம். கொஞ்ச நேரத்துல மணல்ல தொப்புனு இறங்கியாச்சு. எழுந்து நின்னு முதல் வேலையா, தரை டிக்கெட்டைப் பார்த்துக் கட்டை விரலை ஆட்டிக் காட்டினேன்.

ஊருக்கு வந்து ஒன்றரை வருஷம் அவனை அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டோம். அவன் கல்யாணப் பத்திரிகை வாட்ஸ்அப்ல வந்தப்போகூட, "பந்தியில தரையிலதான் உக்காருவியா?"ன்னு கிண்டல்.

2017 ஜூலையில் ஒரு செய்தி பார்த்தேன். அதே புக்கெட்டில், படோங்குக்குத் தெற்கே இருக்கிற காட்டா கடற்கரையில், பாராசெய்லிங் போன ஆஸ்திரேலியப் பயணி ஒருத்தர் ஹார்னஸிலிருந்து நழுவிக் கடலில் விழுந்து இறந்துபோனார். அவர் மேலே ஏறுவதை மனைவி கரையிலிருந்து படம் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த வரியைப் படிச்சதும் எனக்கு உள்ளங்கை வேர்த்துப்போச்சு. உடனே அவனுக்கு போன் போட்டேன்.

"டேய்... அன்னிக்கு அந்த ஹார்னஸ்ல நீ என்னடா பார்த்தே?"

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னான்: "கால் பட்டையில ஒரு பக்கம் தையல் பிரிஞ்சு, நூல் தொங்கிட்டிருந்துச்சுடா."

"ஏன்டா சொல்லலை?"

"சொன்னா சிரிப்பீங்கன்னு நினைச்சேன். நீங்க ஏற்கெனவே சிரிச்சுக்கிட்டுதானே இருந்தீங்க."

நாலு பேர் அந்தப் பட்டையில தொங்கி இருக்கோம், மக்களே. எங்களுக்கு ஒண்ணும் ஆகலை. அது எங்க திறமை இல்லை, வெறும் அதிர்ஷ்டம். பயந்தவன்னு நாங்க முத்திரை குத்தினவன்தான் அன்னிக்குக் கண்ணைத் திறந்து பார்த்த ஒரே ஆள். எங்க சிரிப்பு அவன் வாயை அடைச்சுடுச்சு.

அதனால 'பறக்காதீங்க'ன்னு அட்வைஸ் பண்ண வரலை. தாராளமா பறங்க. ஆனா ஏறுறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க, கேளுங்க:

ஹார்னஸ்: ரெண்டு கால் பட்டை, இடுப்புப் பட்டை, எல்லாக் கொக்கியும் மாட்டியிருக்கா? தையல் பிரிஞ்சிருக்கா? நீங்களே இழுத்துப் பாருங்க. இன்னொரு ஊழியரையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க.

லைஃப் ஜாக்கெட்: 'கசகசன்னு இருக்கு'ன்னு கழட்டாதீங்க. 2021 நவம்பரில் டையூவின் நாகோவா கடற்கரையில் ஒரு தம்பதி பறந்துகொண்டிருந்தபோது கயிறு அறுந்துபோய்க் கடலில் விழுந்தாங்க. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாங்க. உயிரோட மீட்கப்பட்டாங்க.

காத்து: நாம மழை வருதான்னுதான் வானத்தைப் பார்ப்போம். ஆனா நிஜமான வில்லன் காத்துதான். காத்து கூடக் கூட, குடை இழுக்கிற இழுப்பும் கூடும். ஒரு கட்டத்துல மெஷினால கயித்தைச் சுத்த முடியாது. கயிறு அறுந்தா, குடை உங்களைக் காத்து போற பக்கம் தூக்கிட்டுப் போகும், அது கட்டடம் இருக்கிற பக்கமாவும் இருக்கலாம். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், பாராசெய்லிங் விபத்துகளில் உயிரிழந்த இரண்டு பெண்களின் பெயரிலேயே 2014-ல் ஒரு சட்டம் வந்தது. தொடர்ந்து வீசும் காற்று மணிக்கு 20 மைல், அதாவது சுமார் 32 கிலோமீட்டரைத் தாண்டினாலோ, 7 மைல் தூரத்துக்குள் இடி மின்னல் வந்தாலோ பறக்கவிடக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். உங்க கையில காத்தை அளக்கிற கருவி இருக்காதுதான். ஆனா கடல் முழுக்க அலைத் தலையில வெள்ளை நுரை தெரிஞ்சா, கரையில சிவப்புக் கொடி பறந்தா, அன்னிக்கு இளநீர் குடிச்சுட்டுத் திரும்பிடுங்க. புக்கெட்டின் மேற்குக் கரையில மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் என்பதையும் மனசுல வெச்சுக்கோங்க.

கயிறு: நடுவுல முடிச்சு போட்டு ஒட்டவெச்ச கயிறுன்னா வேண்டாம். முடிச்சு விழுந்த இடத்துல கயிறுக்கு பலம் குறையும். உப்புத் தண்ணியும் வெயிலும் சேர்ந்து மிச்ச பலத்தையும் தின்னுடும்.

சைகை: 'கீழே இறக்கு'ன்னு சொல்ல எந்தக் கையை எப்படி ஆட்டணும்? ஏறுறதுக்கு முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க. மேல போய்க் கத்தினா யாருக்கும் கேட்காது.

இவ்வளவும் கேட்டா அவங்க முகம் சுளிச்சாங்கன்னா, அதுவே உங்களுக்குப் பதில். நடையைக் கட்டுங்க. காசு கொடுத்தாச்சேன்னு யோசிக்காதீங்க. எல்லாத்துக்கும் 'மை பென் ராய்' சொல்லலாம், இதுக்குச் சொல்ல முடியாது.

அப்புறம் ஒண்ணு. உங்க கேங்லயும் ஒரு தரை டிக்கெட் கண்டிப்பா இருப்பான், இல்லை இருப்பாள். பைக்ல மூணாவது ஆளா ஏறமாட்டேன்னு சொல்றவன், அருவியில வழுக்குப் பாறைப் பக்கம் போகாதவள்... அவங்க 'வரலை'ன்னு சொன்னா சிரிக்கிறதுக்கு முன்னாடி, "நீ என்ன பார்த்தே?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. ஒருவேளை வெறும் பயமாவே இருக்கலாம். இருந்துட்டுப் போகட்டும், அதுவும் அவங்க உரிமைதானே!

நானும் அவனும் அடுத்த வருஷம் கோவா போனோம். பட்டை, கொக்கி, கயிறு, காத்துன்னு ஒவ்வொண்ணா அவன்தான் பார்த்தான். பார்த்து முடிச்சுட்டு, "வாடா, போலாம்"னு முதல்ல ஏறினதும் அவன்தான். ரெண்டு பேரும் ஜோடியாப் பறந்தோம். மேலே போனதும் "ஆ..."ன்னு அலறினது யாருன்னு மட்டும் கேட்காதீங்க.

அவன் இல்லைங்க.

அடுத்த வாரம் பார்ப்போமா?