எடைக்குப் போடும் இரும்பா அது?

கோலார் தங்க வயலின் சுரங்கங்கள் 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி மூடப்பட்டன. 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கத்தை அள்ளிக் கொடுத்த பூமி அது. இன்று அங்கே மிஞ்சி நிற்பவை சயனைடு மண்மேடுகள், லைன் வீடுகள், துருப்பிடித்த இரும்பு, இவ்வளவுதான்.

மண்மேட்டில் எஞ்சிய தங்கத்தைப் பற்றிப் பேச ஆள் உண்டு. வீட்டுரிமைக்காகப் போராட ஆள் உண்டு. இரும்புக்காகப் பேசத்தான் ஒருவரும் இல்லை. சுரங்கத்தில் உழைத்துத் தேய்ந்த சக்கரமும், கம்பி வடமும், தண்டவாளமும், துளையிடும் கம்பியும் எடைக்குப் போடும் பண்டங்களாகவே மதிக்கப்படுகின்றன. இது சரிதானா?

வானத்தைப் பார்த்த சுரங்கம்

தங்க வயல் மண்ணை மட்டுமா தோண்டியது? வானத்தையும் அல்லவா ஆராய்ந்தது! காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது நியூட்ரினோ என்னும் நுண்துகள் பிறக்கிறது. மற்றக் கதிர்களைப் பாறை தடுத்துவிடும், நியூட்ரினோவைத் தடுக்காது. ஆகவேதான் பம்பாய் டாடா ஆராய்ச்சிக் கழகத்தாரும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சாம்பியன் ரீப் சுரங்கத்தைத் தேடி வந்தனர். 2 கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்து, 1965-ல் அந்தத் துகளின் தடத்தைக் கண்டனர். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் அது காணப்பட்டது. காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவை உலகில் அதற்கு முன் வேறு எங்கும் கண்டதில்லை. பிறகு, 1980-களில், புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்க 140 டன் எடையுள்ள இரும்புக் கருவி ஒன்றும் அதே ஆழத்தில் இயங்கியது.

தங்கமே வானத்துப் பொருள்தான். 2017 ஆகஸ்டில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதை உலக வானாராய்ச்சியாளர்கள் கண்டனர். தங்கம் போன்ற கனமான உலோகங்கள் அத்தகைய மோதலில் பிறக்கின்றன என்பதற்கு அப்போது வலுவான சான்று கிடைத்தது. விண்ணில் பிறந்த பொருளைத்தான் தங்க வயல் தொழிலாளி மண்ணுக்குள் இறங்கி எடுத்து வந்தான்.

அந்தப் பாறையின் வயதோ சுமார் 270 கோடி ஆண்டு. பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள மரம் கல்லாகிக் கிடக்கிறது. தங்க வயல் பாறை அதைவிடப் பன்மடங்கு பழையது. மரமோ விலங்கோ தோன்றாத காலத்துப் பாறையில் அவற்றின் சுவடு எப்படி இருக்கும்? ஆனால் கடலின் சுவடு இருக்கிறது. கடலடியில் கொட்டிய எரிமலைக் குழம்பு தலையணை தலையணையாக உறைந்த பாறைகள் அங்கே உண்டு. புவியியல் துறை அவற்றைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது.

இவ்வளவு பெரிய கதையை ஊருக்குள் வரும் வெளியூர்க்காரருக்குச் சொல்வது யார்? மண்மேடு சொல்லாது. இரும்பு சொல்லும், அதைச் சிற்பமாக்கினால்.

உலோகத்தில் பேசத் தெரிந்தவர்கள்

உலோகத்தில் உயிர் வடிப்பது தமிழனுக்குப் புதிதல்ல. சோழர் காலச் செப்புத் திருமேனிகளே சாட்சி. அணுவின் உட்பொருளை ஆராயும் ஜெனீவாவின் செர்ன் நிலையத்துக்கு இந்திய அரசு 2004-ல் நடராசர் சிலையைத்தான் பரிசாகத் தந்தது. சென்னையை அடுத்த சோழமண்டலம் ஓவியர் கிராமம் 1966-ல் உருவாயிற்று. அங்கே தாமிரத்தையும் பித்தளையையும் பற்றவைத்துச் சிற்பம் செய்து புகழ்பெற்ற எஸ். நந்தகோபால் 1946-ல் பெங்களூரில் பிறந்தவர். டில்லியிலோ பழைய இரும்பைக் கொண்டே உலக அதிசயங்களின் உருவங்களைச் செய்து 2019-ல் ஒரு பூங்காவே திறந்துவிட்டார்கள்.

டில்லிக்கு இரும்பு வெறும் இரும்பு. தங்க வயலுக்கு அது அப்பன் பாட்டன் கை பட்ட இரும்பு. பிட்டரும், வெல்டரும், கொல்லுப் பட்டறைக்காரரும் நிறைந்த ஊர் அது. பெமல் தொழிற்சாலையும் அங்கேயே இருக்கிறது. கைக்குப் பஞ்சமில்லை, அழைப்பாரைத்தான் காணோம்.

"சிலை சோறு போடுமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வேலை தேடி விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய், இரவில் வீடு திரும்பும் பிள்ளைகளின் ஊர் அது. சிலை வைத்து அவர்களுடைய குறையை மறைக்கப் பார்த்தால் அது பெரும் அநியாயம். வேலையும் வீடும் முதலில் வேண்டும். ஆனால் அவை வரும்வரை இரும்பு காத்திருக்காது. ஒருமுறை உலைக்குப் போனால் திரும்ப வராது.

செய்ய வேண்டியது அதிகமில்லை. ஷாப்டுகளின் மேல் இன்றும் நிற்கும் இரும்புக் கோபுரங்களில் யாரும் கை வைக்கக் கூடாது, அவையே சிற்பங்கள். உடைந்து கிடக்கும் இரும்பில் ஒரு பகுதியை ஏலத்துக்கு விடாமல் ஒதுக்க வேண்டும். விண்மீன், நியூட்ரினோவின் தடம், தலையணைப் பாறை ஆகியவற்றை உருவாக்கும் வேலையைச் சிற்பிகளின் துணையோடு உள்ளூர்த் தொழிலாளரிடமும் அவர்களுடைய பிள்ளைகளிடமும் கூலி கொடுத்து ஒப்படைக்க வேண்டும். அதன் அடியில், பாறை வெடித்தும் நுரையீரலில் கல்தூசி படிந்தும் மாண்டவர்களின் பெயர்களைத் தமிழிலும் கன்னடத்திலும் பொறிக்க வேண்டும்.

தங்கமெல்லாம் வெளியூர் போய்விட்டது. இரும்பாவது தங்க வயலில் தங்கட்டும். மத்திய அரசும் கர்நாடக அரசும் ஆவன செய்யுமா?