மச்சமும் லேசர் ஒளியும்



அண்மையில் தாய் ஒருவர் தம் மகளுடன் நம்மைக் காண வந்திருந்தார். மகளின் திருமணத்திற்கு ஒரு மாதமே எஞ்சியிருந்தது. அவளது மோவாயில் ஒரு மச்சம். அதன்மேல் இரண்டு மூன்று முடிகள். சுற்றிலும் மெல்லிய ரோமம். "சுவாமி, லேசர் வைத்தால் எல்லாம் போய்விடுமாம். ஆனால் மச்சத்தில் பட்டால் புற்றுநோய் வரும் என்று பயமுறுத்துகிறார்களே!" என்றார் தாய். மகளோ தலைகவிழ்ந்து அமர்ந்திருந்தாள். இக்கேள்வி இன்று பல இல்லங்களில் எழுவதாகையால், மருத்துவர்கள் கூறுவதைத் தொகுத்துரைக்க விழைகிறோம்.

முடிக்குக் கருமை தருவது மெலனின் என்னும் நிறமி. லேசர் ஒளியை அந்நிறமி உறிஞ்சிச் சூடேறுகிறது. அவ்வெப்பம் முடியின் வேரைச் சிதைக்கிறது. ஆனால் மச்சம் என்பதும் நிறமி உயிரணுக்கள் ஓரிடத்தில் திரண்டதேயாம். முடி எது, மச்சம் எது எனப் பிரித்தறியும் ஆற்றல் ஒளிக்கு இல்லை. ஆதலால் மச்சத்தின்மேல் பட்டால் அது மிகுதியாகச் சூடேறி, தீப்புண்ணும் கொப்புளமும் தழும்பும் உண்டாகக்கூடும்.

அவ்வாறாயின் புற்றுநோய் வருமா? லேசர் ஒளி எக்ஸ் கதிர் போன்றதன்று. அது மச்சத்தைப் புற்றாக்கும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. உண்மையான ஆபத்து வேறிடத்தில் உள்ளது. ஒளி பட்ட மச்சம் மேலே வெளுக்கலாம். அதன் உயிரணுக்களோ உள்ளே எஞ்சியிருக்கும். அது முன்னரே மெலனோமா என்னும் கொடிய தோற்புற்றாக இருந்திருப்பின், நம்மை எச்சரிக்கும் அடையாளம் அழிந்துபோகும். தொடக்கத்திலேயே அறுத்தெடுத்தால் பெரும்பாலும் குணமாகும் நோய், காலந்தாழ்ந்தால் உயிரைக் குடிக்கும். நம் நாட்டில் இந்நோய் அரிதே, எனினும் இல்லாததன்று.

ஆகவே லேசருக்குமுன் மச்சத்தைத் தோல் மருத்துவரிடம் காட்டுவதே முதற்கடமை. ஒரு பாதி மறுபாதியை ஒவ்வாதிருத்தல், ஓரம் ஒழுங்கற்றிருத்தல், பல நிறம் கலந்திருத்தல், 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அகலம், நாளடைவில் மாறிவருதல், அரிப்பு, இரத்தக்கசிவு ஆகியவை கவனிக்கத்தக்க அறிகுறிகள். தீங்கற்றது என்று அறிந்தபின்னும், மச்சத்தை வெண்ணிறப் பட்டையால் மறைத்துச் சுற்றியுள்ள இடத்திற்கு மட்டுமே ஒளி செலுத்த வேண்டும். மச்சத்தின் மேலுள்ள முடியைச் சிறு கத்தரிக்கோலால் நறுக்கிவிடலாம்.

நம்மவரின் கருந்தோலே நிறமி மிகுந்தது. அதற்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசரே பாதுகாப்பு மிக்கது என்பர். முதலில் சிறிதளவு இடத்தில் சோதித்துப் பார்ப்பதும், கண்களுக்குக் காப்புக்கண்ணாடி அணிவதும் இன்றியமையாதவை. மேலும் இச்சிகிச்சை ஒரே நாளில் முடிவதன்று. பல வார இடைவெளியில் பலமுறை செய்யவேண்டியது. மணநாள் நெருங்கிய அவசரத்தில், குறைந்த கட்டணத்தை நாடி அழகு நிலையத்திற்கு ஓடுதல் நன்றன்று.

இவற்றையெல்லாம் கூறி முடித்தபின் மகளை நோக்கி, "உன் விருப்பம் என்னம்மா?" என்று வினவினோம். அதுவரை எவரும் அவளைக் கேட்கவில்லை போலும். "முதலில் டாக்டரிடம் காட்டுகிறேன், சுவாமி. நல்ல மச்சம் என்று அவர் சொன்னால் அது இருந்துவிட்டுப் போகட்டும்; என் பாட்டிக்கும் அதே இடத்தில்தான் இருந்தது" என்றாள். தாய் ஒன்றும் பேசாமல் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெற்றோரே, பிள்ளைகளின் முகத்தில் குறை தேடுமுன் அவர்தம் உடல்நலத்தைத் தேடுங்கள். அழகு சற்றுக் காத்திருக்கலாம்; மருத்துவரின் சோதனை காத்திருத்தல் ஆகாது.